இரும்பு பம்பர் மாட்டினால் வண்டிக்குப் பாதுகாப்பா?

கேள்வி: தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்குக் காப்பியும் மிளகும் உள்ள தோட்டம் இருக்கிறது. 2021-இல் வாங்கிய, நான்கு சக்கர இயக்கம் கொண்ட இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையின் மண்மேட்டில் இடித்து முன்பக்க பம்பர் கிழிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் டி-மேக்ஸுக்காகவே செய்தது என்று சொல்லி, நண்பர் ஒருவர் இரும்பு ஆஃப்ரோடு பம்பர் ஒன்றை, கயிற்றால் வண்டியை இழுக்கும் மின்சார வின்ச்சோடு விலைக்குத் தருகிறார். பொருந்தாத இடத்தை வெட்டி வெல்டிங் வைத்து மாட்டிவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். இரவில் காட்டுமாடும் பன்றியும் குறுக்கே வரும் பாதை இது. சேற்றில் வண்டி மாட்டிக்கொள்வதும் உண்டு. இந்தப் பம்பரை மாட்டலாமா? ஏர்பேக் வேலை செய்யுமா? பின்பக்கத்துக்கும் இதேபோல ஒன்று செய்துகொள்ளலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, மாட்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் தேவைகள் மூன்றும் உண்மையானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மண்மேட்டில் உரசினால் தாங்க வேண்டும், சேற்றில் புதைந்தால் வெளியே வர வேண்டும், இரவில் விலங்கு குறுக்கிட்டால் உயிர் தப்ப வேண்டும். இந்த மூன்றுக்கும் தனித்தனியே நல்ல வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே இரும்புப் பொருளால் தீர்த்துவிடலாம் என்று எண்ணும்போதுதான் பிழை நேர்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2017 டிசம்பர் 7-ஆம் தேதி எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, வண்டிகளில் கிராஷ் கார்டு, புல் பார் போன்ற இரும்புக் காப்புகளை மாட்டுவோர்மீது கடும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சாலையில் இன்னும் எத்தனையோ வண்டிகள் இரும்புக் குழாய்களோடு ஓடுகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அவை பிடிபடவில்லை என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை.

ஆனால் சட்டம் தடுக்கிறது என்று மட்டும் சொல்லி இதை முடிக்க எனக்கு மனமில்லை. தடை ஏன் வந்தது என்பது புரிந்தால், யாரும் பார்க்காத தோட்டத்துப் பாதையில்கூட நீங்கள் அந்தப் பம்பரை விரும்பமாட்டீர்கள்.

கிழிந்துபோன உங்கள் பம்பரில் வெளியே தெரியும் பிளாஸ்டிக் ஒரு தோல்தான். அதன் பின்னால் குறுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது வண்டியின் அடிக்கூடான சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களுடைய முன்முனைகளில் இணைகிறது. மோதலின்போது இந்த அடுக்குகள் வரிசையாக மடங்கி, நசுங்கி, வேகத்தைத் தங்களுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே முன்பகுதி அப்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு சுவரில் மோதி, முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர்மீது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசை விழுகிறது. அதே வண்டி 30 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கினால் அது 32 மடங்காகிவிடும். நசுங்காத முன்பகுதி வேண்டும் என்று கேட்பது, அந்த அடியை என் விலா எலும்புக்குக் கொடு என்று கேட்பதற்குச் சமம். வண்டி கெட்டியாக இருந்தால் நாமும் பத்திரமாக இருப்போம் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பழைய ஜீப்புகளை ஓட்டிப் பழகியவர்களுக்கு அதை விடுவது கடினம் என்பதை நான் அறிவேன்.

ஏர்பேக் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பம்பரில் எதுவோ இடித்தவுடன் பை விரிந்துவிடுவதில்லை. வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைச் சென்சார்கள் அளக்கின்றன. அந்த அளவின் வடிவத்தைப் பார்த்து, இது பள்ளத்தில் விழுந்த குலுக்கலா, மோதலா என்று கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கிறது. இவை எல்லாம் ஒரு விநாடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள், கண் இமைத்து முடிவதற்குமுன் நடந்து முடிய வேண்டும். அந்தக் கருவிக்குக் கற்பிக்கப்பட்டிருப்பது, தொழிற்சாலையிலிருந்து வந்த முன்பகுதி எப்படி மடங்கும் என்பதை மட்டுமே. அதன் இடத்தில் வளையாத இரும்பைச் சேஸிஸோடு நேரடியாகப் பூட்டினால், சிறிய இடிக்கே பை விரியலாம். பெரிய மோதலில் தாமதமாக விரியலாம். தாமதமாக விரியும் பை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதற்குள் உங்கள் முகம் ஸ்டீயரிங்கை நெருங்கியிருக்கும். எனவே ‘வேலை செய்யுமா’ என்ற கேள்விக்கு, வேலை செய்யும் நேரத்தை யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதே நேர்மையான பதில்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முதன்மையானது. மாலையில் பறிப்பு முடிந்து, உங்கள் பகுதியின் பாதைகளில் ஆட்கள் ஓரமாக வரிசையில் நடந்து போவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் நடப்பார்கள். பிக்கப் வண்டியின் முகம் ஏற்கெனவே உயரமானது. அதன்முன் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பின் விளிம்பு, பெரியவருக்குத் தொடை எலும்பின் உயரத்திலும் சிறுபிள்ளைக்கு நெஞ்சின் உயரத்திலும் இருக்கும். பிளாஸ்டிக் தோலும் மெல்லிய பானெட்டும் ஒரு காலை முறிக்கிற வேகத்தில், இரும்பு ஓர் உயிரை எடுத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, இத்தகைய முன்பக்கக் காப்புகள் பாதசாரிப் பாதுகாப்புச் சோதனைகளில் தேறினால்தான் விற்கலாம் என்று ஆக்கியது.

ஆஸ்திரேலியாவில் மட்டும் எப்படி விற்கிறார்கள் என்று உங்கள் நண்பர் கேட்கலாம். அங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவே சில நூறு கிலோமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. இரவில் கங்காரு மோதி ரேடியேட்டர் உடைந்தால், உதவி வருமுன் தண்ணீரில்லாமலே ஆள் போய்விடக்கூடும். அந்தத் தேவைக்காக அந்நாடு இவற்றை அனுமதித்திருக்கிறது; ஆனால் விதியோடு அனுமதித்திருக்கிறது. பாதசாரிப் பாதுகாப்புக்கென அங்கே ஒரு தரநிலை உண்டு. நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் தனியாக வடிவமைத்து, தொழிற்சாலை அமைப்பைப் போலவே மடங்கும் தாங்கிகளை வைத்து, ஏர்பேக்குக்குப் பொருந்துகிறதா என்று சோதித்து விற்கிறார்கள். அந்தச் சோதனை, அந்த மாடலில், அந்தத் தாங்கியோடு, வெட்டாமல் ஒட்டாமல் மாட்டினால் மட்டுமே பொருந்தும். பட்டறையில் ஓர் இடத்தை வெட்டி ஓர் இடத்தில் வெல்டிங் வைத்த கணத்தில், அது சோதிக்கப்பட்ட பொருள் அல்ல, வெறும் இரும்பு.

உங்கள் விஷயத்தில் வெட்ட வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. உங்களிடம் இருப்பது, தாய்லாந்தில் 2011-இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை டி-மேக்ஸின் உடல். ஆஸ்திரேலியாவில் 2020-இலிருந்து விற்பது மூன்றாம் தலைமுறை. பெயர் ஒன்றுதான், ஆனால் சேஸிஸ், முகப்பு, விளக்குகள் எல்லாமே வேறு. பழைய தலைமுறைக்குச் செய்த பம்பராகவே இருந்தாலும், அங்கே அந்த வண்டிக்கு 3.0 லிட்டர் எஞ்சின், உங்களுடையது 1.9 லிட்டர். முன்னால் உள்ள ரேடியேட்டர், ஏசியின் கண்டென்சர், குழாய்கள் ஆகியவற்றின் அமைப்பு ஒன்றாக இருக்கும் என்று நம்பி இரும்பை வெட்டக் கூடாது. வின்ச்சை வைப்பதற்காகக் காற்று வரும் வழியை அடைத்துவிட்டு, மலையேற்றத்தில் எஞ்சின் சூடாகிறது என்று வருவோரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் கோவையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டிகளின் உடல் வேலை பார்த்து வருகிறேன். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பிக்கப் என்னிடம் வந்தது. ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும்போது, நடக்கும் வேகத்தில், முன்பக்க இடது மூலை ஒரு பலா மரத்தில் தட்டியிருந்தது. வெளியில் மாட்டிய இரும்பு பம்பரில் பெயின்ட் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் போயிருந்தது. உரிமையாளர் அதைப் பெருமையாகக் காட்டினார். அவர் வந்த காரணம், பானெட் சரியாக மூடவில்லை என்பது. இடதுபுறம் பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையே சுண்டுவிரல் நுழைந்தது. வலதுபுறம் ஒரு தாள்கூட நுழையவில்லை. பம்பரைக் கழற்றினோம். போல்ட்டின் தலையில் எந்தத் தர எண்ணும் இல்லை. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை, நெல்மணிபோல நீண்டிருந்தது. வாஷருக்கு அடியில் செந்தூரம்போலத் துரு உதிர்ந்தது. தாங்கியைச் சேஸிஸோடு ஒட்டிய வெல்டிங்கின் விளிம்பை ஒட்டி, மயிரிழை தடிமனில் ஒரு விரிசல் அரை வட்டமாக ஓடியிருந்தது. அந்த மோதலை வாங்கிக்கொண்டது பம்பரல்ல, சேஸிஸ். தொழிற்சாலைப் பம்பராக இருந்திருந்தால் பிளாஸ்டிக் தோலை மாற்றி அனுப்பியிருப்பேன். அந்த வண்டியைச் சேஸிஸை நேராக்கும் மேடையில் ஏற்ற வேண்டியதாயிற்று. சேஸிஸ் சட்டத்தில் கண்ட இடத்தில் வெல்டிங் வைப்பது அந்த எஃகின் வலுவையே மாற்றிவிடும் என்பதால், உங்கள் பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், வேறு எந்த வேலைக்கும் அங்கே வெல்டிங் வைக்க விடாதீர்கள்.

எடையையும் பாருங்கள். இத்தகைய பம்பரும் வின்ச்சும் சேர்ந்து, கழற்றிய பொருளின் எடையைக் கழித்த பிறகும், 90 கிலோ கூடுதலாக வருவது சாதாரணம். அந்த எடை முன் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 3,095 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சின்மேல் சுமார் 113 கிலோ ஏறும். பின் அச்சிலிருந்து சுமார் 23 கிலோ குறையும். முன் ஸ்பிரிங் அமிழும், சக்கரக் கோணங்கள் மாறும், முன்சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் விரைவில் தேயும், ஹெட்லைட் ஒளி தாழ்ந்து தரையைப் பார்க்கும். பாரமில்லாத பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசானது. வத்தலகுண்டுக்கு இறங்கும் வளைவுகளில், மழை ஈரத்தில், வெறும் வண்டியின் பின்சக்கரம் பிடிப்பை விட்டு வெளியே ஒதுங்கும் அனுபவம் உங்களுக்கு இருக்கும். இருக்கும் பிடிப்பையும் குறைத்துக்கொள்வது நல்லதல்ல. கனமான முன் ஸ்பிரிங் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். அது மூக்கை நிமிர்த்துமே தவிர, எடையைப் பின்னுக்கு நகர்த்தாது.

காட்டுமாடு பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. முழு வளர்ச்சியடைந்த ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோவைத் தொடக்கூடியது. அதன் உடற்பாரம் நீண்ட கால்களுக்கு மேலே, உங்கள் பானெட்டின் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. இரும்பு அதன் காலைத் தட்டும். உடல் பானெட்டின்மேல் புரண்டு முன்கண்ணாடிக்கு வரும். பன்றிக்கு வேண்டுமானால் இரும்பு தாக்குப்பிடிக்கலாம். ஆனால் பன்றிக்குப் பயந்து மனிதருக்கு ஆபத்தான பொருளை மாட்டுவது சரியான பேரம் அல்ல. விலங்கு விஷயத்தில் உண்மையில் உதவுவது வேகமும் வெளிச்சமும்தான். முன்கண்ணாடியின் உட்புறத்தையும் ஹெட்லைட் கண்ணாடியையும் சுத்தமாக வையுங்கள், விளக்கின் கோணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பாதையில் இரவில் 30-க்கு மேல் போகாதீர்கள். ஒரு மாடு கடந்தால் பின்னால் இன்னும் மாடுகள் வரும் என்று எண்ணி நின்றுவிடுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல; பம்பர் வந்த பிறகு மறந்துபோவது இதுதான் என்பதால் சொல்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை. மண்மேட்டில் உரசுவதுதான் சிக்கல் என்றால், உண்மையில் காக்க வேண்டியது பம்பரை அல்ல; அதன் அடியிலும் பின்னாலும் இருக்கும் ரேடியேட்டரின் கீழ்முனை, எண்ணெய்ச் சட்டி, முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றைத்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த அடித்தகடு நெளிந்திருக்கிறதா, போல்ட் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமானால் இசுஸு டீலரிடம் அதே தகட்டைப் புதிதாக வாங்கி மாட்டுங்கள். கிழிந்த பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, உட்புறம் கம்பி வலை வைத்து ஒட்டுவது நல்ல டிங்கரிங் கடையில் ஒரு நாள் வேலை. கிளிப் பிடிக்கும் காதுகள் உடைந்திருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். இன்னொன்றும் செய்யலாம். அந்த மண்மேட்டை மண்வெட்டியால் சரித்துவிடுங்கள். சொந்தத் தோட்டத்துப் பாதை என்பது ஒரு வசதி.

சேற்றுக்கு வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில்தான் செலவு செய்யச் சொல்வேன். முதல் செலவு டயர். இப்போது இருக்கும் அதே அளவில், சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை டயர் போடுங்கள். அளவு மாறாததால் சட்டச் சிக்கலும் இல்லை. சேற்றில் இறங்குமுன் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். டயரின் தடம் நீண்டு, புதைவது வெகுவாகக் குறையும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மீண்டும் நிரப்ப, பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். குறைந்த காற்றோடு மலைச்சாலையில் இறங்குவது ஆபத்து. அடுத்தது, டயருக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகைகள் இரண்டு. அவற்றோடு ஒரு நல்ல மண்வெட்டி இருந்தால் பத்தில் ஏழெட்டு முறை வண்டி வெளியே வந்துவிடும்.

மிச்சமுள்ள முறைகளுக்கு வின்ச் வேண்டும் என்பீர்கள். தோட்டக்காரர்களுக்கு மிகவும் பழகிய டிர்ஃபர் இருக்கிறதே. மரம் இழுக்கப் பயன்படும் அதே கைநெம்புகோல் கருவிதான். 1.6 டன், 3.2 டன் என்று வருகிறது. வண்டியில் எதையும் மாட்ட வேண்டியதில்லை, பேட்டரி வேண்டாம், முன்னால் இழுக்கவும் பின்னால் இழுக்கவும் ஒரே கருவி. மின்சார வின்ச்சோ மாட்டிய திசையில் மட்டுமே இழுக்கும். சேற்றில் மாட்டியவர் பெரும்பாலும் வந்த வழியே திரும்பத்தான் விரும்புவார். கப்பி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இழுவிசை ஏறக்குறைய இருமடங்காகும். மரத்தில் கட்டும்போது கம்பிக்கயிற்றை நேரடியாகச் சுற்றாமல் அகலமான பட்டையைப் பயன்படுத்துங்கள். இழுக்கும் நேரத்தில் கயிற்றின் நீளவாக்கில் யாரும் நிற்கக் கூடாது. கயிற்றின்மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள்.

வண்டியில் எந்த இடத்தில் கட்டுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். வண்டியைக் கப்பலிலும் டிரெய்லரிலும் கட்டுவதற்காக இருக்கும் மெல்லிய வளையங்கள் வேறு. இழுப்பதற்கான கொக்கி வேறு. கையேட்டில் எது என்று படம் போட்டிருக்கும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிள் வாங்கும்போது, உடலில் 4.75 டன் என்று எழுத்து பதிந்திருக்கும் 19 மில்லிமீட்டர் வகையைக் கேளுங்கள், எழுத்தில்லாததை எடுக்காதீர்கள்.

பின்பக்கப் பம்பருக்கும் இதே பதில்தான். டிரெய்லர் இழுக்கும் குண்டு ஒன்று பின்னால் இருந்தால், சேற்றில் இழுக்க அதில் ஒருபோதும் கயிறு கட்டாதீர்கள். அது உடைந்து தெறித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

காப்பீடு குறித்து ஒரு வார்த்தை. பாலிசி எடுக்கும்போது வண்டியில் மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேட்கப்படும். சொல்லாமல் மாட்டிய இரும்பு, சேதக் கோரிக்கையை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே எழுதிக்கொடுக்கும் காரணம் ஆகிவிடும்.

கடைசியாக, அந்தக் கிழிந்த பம்பரைச் சரிசெய்யக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் மடிப்போ பெயின்ட் வெடிப்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; முன்பக்கச் சென்சார் அதன் இடத்தில் உறுதியாக இருக்கிறதா, அதன் இணைப்பில் சேறு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர்பேக் விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டாலோ, சட்டத்தில் மடிப்பு தெரிந்தாலோ, பிளாஸ்டிக்கை ஒட்டுவதற்குமுன் வண்டியை டீலரிடம் கொண்டு போங்கள். படமெடுத்து எனக்கும் அனுப்பினால், பார்த்து எழுதுகிறேன்.